பச்சை வராமல் பார்த்துக்கொண்டவர்

“…கூடையத்தான் பாக்கணும்னா படம் எதுக்குங்க ஐயா? நல்ல கூடையா ஒன்னு கொண்டாந்து பக்கத்துல வச்சுப்புடுங்க. வேல முடிஞ்சிச்சு.”

இதைச் சொன்னவர் ஓர் ஓவியர். சொன்ன இடம், கண்டி டவுனிலிருந்து மஹய்யாவ பக்கம் ஏறும் ரோட்டில் நான் நடத்தும் பிரேம் கடை. கேட்டுக்கொண்டு நின்றவர் ஒரு விழாக் குழுவின் செயலாளர். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், யாழ்ப்பாணத்துக்காரர், யாரையும் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. தேயிலைத் தோட்டங்களில் வாழும் மலையக மக்களுக்கென்று ஒரு விழா எடுக்கிறார்கள். அதில் இந்த ஓவியரின் படத்தைச் சுவரில் மாட்ட வேண்டும். படம் எங்கள் மூவருக்கும் நடுவில், நான் கண்ணாடி வெட்டும் மேசையில் கிடந்தது. செயலாளர் அதையே சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருந்தார்.

“ஒரேயொரு கூடை, பிள்ளை. மூலையில சின்னனா. கூடையோட ஒரு பொம்பிளை. முகங்கூடத் தெரியத் தேவையில்லை. பாக்கிற சனத்துக்கு ஒரு பிடி வேணுமெல்லே?”

அதற்குத்தான் இந்தப் பதில். செயலாளர் கோபிக்கவில்லை. “நல்ல பகிடி” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஓவியரின் பேச்சு எப்போதும் அப்படித்தான். சிரிக்கிற மாதிரி ஆரம்பிக்கும், முடியும்போது எங்கேயாவது கீறியிருக்கும். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். படத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சட்டம் போடப் போட வந்தது. ஆனால் மனிதர்கள் சொல்கிற வார்த்தை எனக்குச் சீக்கிரம் மறக்காது. அவருடைய வார்த்தைகள் மட்டும் ஒரு அலுமாரி நிறைய என்னிடம் இருக்கின்றன. பேரைச் சொல்ல மாட்டேன். பேர் போட்டால் அதையும் யாராவது தேயிலையோடு சேர்த்துத்தான் படிப்பார்கள்.

என் கடைக்கு மூன்று வகைதான் வரும்: சாமி, செத்தவர், பட்டம் வாங்கினவர். இவர் முதல் தடவை வந்தபோது, பேப்பரில் சுருட்டிய ஒரு துணியை மேசையில் விரித்தார். பழைய தகரத்தின் துரு நிறத்தில் ஒரு பெரிய கட்டம், அதன் மேல் சாம்பல் நிறத்தில் இன்னொன்று, ஓரத்தில் ஒரு மஞ்சள் கீற்று. அவ்வளவுதான். நான் இப்படியும் அப்படியும் திருப்பினேன்.

“எதும்மா மேல் பக்கம்?”

“நாலு பக்கமும் மாட்டிப் பாருங்கண்ணே. எந்தப் பக்கம் ஒங்களுக்கு கழுத்து நோகலையோ, அதான் மேல்.”

அவர் போன பிறகு உண்மையாகவே மாட்டிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் மட்டும்தான் அது சுவரில் உட்கார்ந்தது. மற்றப் பக்கங்களில் எல்லாம் விழப்போகிற மாதிரி இருந்தது. அவர் திரும்பி வந்தபோது அந்தப் பக்கத்தில் மாட்டியிருந்ததைப் பார்த்தார். அதற்குப் பிறகு என்னை ‘அண்ணே’ என்று கூப்பிடும்போது அதில் ஒரு நம்பிக்கை இருந்தது.

படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையை வெட்டும்போது மூலைத் துண்டுகள் மிஞ்சும். அதில் இரண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். இரண்டு மூலைகளையும் எதிரெதிராகப் பிடித்தால் நடுவில் ஒரு சதுரம் கிடைக்கும். நகர்த்தினால் அது பெரிதாகும், சுருங்கும். அதைக் கொண்டு எதையும் பார்ப்பார். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் வழியாகப் பார்ப்பார், என் கடைச் சுவரின் ஈரக்கறையைப் பார்ப்பார், ஒருமுறை என் முகத்தையே பார்த்தார். “ஒங்க காது ரெண்டையும் எடுத்துட்டா நீங்க நல்லா இருக்கீங்கண்ணே” என்றார். “எங்க முடியுதுன்னு தெரிஞ்சாத்தான் உள்ளுக்கு என்னா வைக்கிறதுன்னு தெரியும்” என்பது அவர் அடிக்கடி சொல்வது.

அம்பிட்டியவில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் அம்மாவோடு இருந்தார். காலையில் ஒரு பாலர் பாடசாலையில் வேலை. மத்தியானத்துக்குப் பிறகு படம். பிரேம் கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் நான் போவேன். ஜன்னலுக்கு எதிரே மலை. கண்டிக்கு வருகிறவர்கள் காசு கொடுத்துப் பார்க்கிற காட்சி. அந்த ஜன்னலைச் சாக்குத்துணி போட்டு மூடியிருந்தார்.

“காத்தாவது வரட்டுமேம்மா.”

“காத்து வரட்டும். பச்சை வர வேணாம்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதுவரை சட்டம் போட்ட அத்தனை படங்களையும் மனதில் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றிலும் பச்சை இல்லை. ஒரு இலை அளவுகூட இல்லை.

“கண்டியில இருந்துகிட்டு பச்சை இல்லாம படமா?” என்று கேட்டேன்.

“கண்டியிலதான் வேணுங்கிற அளவு இருக்கே. நான் வேற எதுக்குண்ணே செய்யணும்?”

பச்சையை விட்டுவிடுவது லேசான வேலை என்றுதான் நினைத்தேன், டியூப் வாங்காமல் இருந்தால் போச்சு. அவர் வேலை செய்வதைப் பார்த்த பிறகுதான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. அவருக்கு மிகப் பிடித்த இரண்டு நிறங்கள் மஞ்சளும் நீலமும். அந்த இரண்டும் தொட்டால் பச்சை. மஞ்சளோடு கறுப்பு சேர்ந்தாலும் ஒரு பாசிப் பச்சை வரும். அதை நான் அவரிடம்தான் பார்த்தேன். ஆக, அவருடைய படம் முழுக்க ஒரு காவல் வேலை. மஞ்சள் எங்கே, நீலம் எங்கே, இரண்டுக்கும் நடுவில் யாரை நிறுத்துவது? செங்கல் நிறம் நிற்கலாம், துரு நிற்கலாம், சுண்ணாம்பு நிற்கலாம். நடுவில் நிற்கிறது அகலமாகிவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று மறந்துவிடும். ஒடுங்கிப்போனால் தொட்டுவிடும். “தொடவும் கூடாது, வெலகிப் போகவும் கூடாது. பக்கத்து வீட்டுச் சண்டைக்காரங்க மாதிரி இருக்கணும்” என்பார்.

துணியை வெள்ளையாக வைத்து ஆரம்பிக்க மாட்டார். முதலில் முழுக்கச் செங்கல் நிறத்தைத் தண்ணீராகக் கரைத்துத் துடைப்பார். பழைய பேப்பரைக் கட்டம் கட்டமாகக் கிழித்து, தரையில் கிடக்கும் துணியின் மேல் பரப்பி வைப்பார். இது மஞ்சள், இது நீலம் என்று வைத்துக்கொண்டு சுற்றி நடப்பார். ஒரு துண்டைக் காலால் கொஞ்சம் தள்ளுவார். போய்ச் சோறு வைத்துவிட்டு வந்து திரும்பத் தள்ளுவார். சில சமயம் அப்படியே நாள் கணக்கில் கிடக்கும். அம்மா கூட்டும்போது அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு கூட்டுவார். பிறகு ஒருநாள் குந்தி உட்கார்ந்து, தூரிகையை விட்டுவிட்டு, அகலமான சுவர் பிரஷ்ஷால் ஒரே மூச்சில் பூசி முடிப்பார். பூசும்போது யாரும் பேசக் கூடாது. எனக்கு அதுதான் பெரிய தண்டனை.

ஒரு மழைக்காலம், காற்றில் ஈரம் அதிகம். பூசியது காயவில்லை. நான் போனபோது ஒரு படத்தின் கீழ் மூலையில் நீலம் இறங்கி மஞ்சளைத் தொட்டிருந்தது. விரல் நுனி அளவு பச்சை. உண்மையைச் சொன்னால் அந்தப் படத்துக்கே அது உயிர் கொடுத்த மாதிரி இருந்தது. “ஆகா, அழகா இருக்கேம்மா” என்றேன். அவரிடம் ‘அழகு’ என்று சொல்வது ஏசுவதற்குச் சமம் என்று அப்போது எனக்குத் தெரியாது. சமையல் கத்தியை எடுத்து வந்து அந்த இடத்தைச் சுரண்டினார். துணி தெரிகிற வரைக்கும் சுரண்டினார். பிறகு அதன் பக்கத்தையும் சுரண்டினார். கடைசியில் படம் முழுக்கப் போய்விட்டது.

“ஒரு துளிதானேம்மா?”

“ஒரு துளிய விட்டா தோட்டமே உள்ளுக்கு வந்துரும்ணே” என்றார். கத்தியை அம்மா வாங்கிக் கழுவி வெங்காயம் வெட்டப் போனார்.

இந்த அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. பன்வில பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் காலம் முழுக்கக் கொழுந்து எடுத்தவர். கூடைக் கயிறு தலையில் ஏறி ஏறி, உச்சியில் முடி ஒரு பட்டையாகத் தேய்ந்துபோயிருந்தது. கோயிலுக்குப் போகும்போது அந்த இடத்தை முந்தானையால் மூடிக்கொள்வார். பென்சன் எடுத்து மகளோடு புறப்பட்ட நாளில், வெங்காயம் போட்டு வைக்கலாம் என்று அந்தக் கூடையையும் தூக்கிக்கொண்டாராம். மகள் வாங்கி தோட்டத்து லயத்து வீட்டு வாசலிலேயே வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார். “எங்கம்மா தலையில இனி ஒரு கயிறு ஏறாது” என்று சொன்னாராம். இதை எனக்குச் சொன்னது அம்மாதான். சொல்லிவிட்டு, “நல்ல கூடைங்க, தம்பி. வெங்காயத்துக்கு நல்லா இருந்திருக்கும்” என்றும் சொன்னார்.

மகளின் படங்களை அம்மா மதித்ததே இல்லை. “இது என்னாடி, செவுத்துக்கு அடிச்ச மிச்சமா?” என்பார். ஆனால் பின்னேரங்களில் பால் போடாத பிளேன்டீயை வைத்துக்கொண்டு அவற்றின் முன்னால்தான் உட்காருவார். நான் ஒருநாள் கேட்டேன், அப்படி என்ன பார்க்கிறீங்க என்று.

“ஒன்னும் பாக்கலங்க. காலத்துக்கும் பச்சையப் பாத்துப் பாத்து கண்ணு சலிச்சுப்போச்சு. கண்ண மூடினாலும் அதேதான் தெரியும். இதுல கொஞ்சம் கண்ண வைக்கலாம்.”

மகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார். கழுவின பிரஷ்ஷையே திரும்பத் திரும்பக் கழுவினார்.

சாமான் தட்டுப்பாடு வந்த காலம் ஞாபகம் இருக்கும். டியூப் தேடி டவுன் முழுக்க அலைந்தார். ஒரு புத்தகக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கடைசியாக ஒரே நிறம் மிஞ்சியிருந்தது. அது என்ன நிறம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வெறுங்கையோடு என் கடைக்கு வந்து கதிரையில் உட்கார்ந்தார். “பாத்தீங்களாண்ணே, நாட்டுல எல்லாம் தீந்தாலும் அது மட்டும் எனக்குன்னு காத்துக்கிட்டிருக்கு” என்று சிரித்தார்.

அந்தக் காலத்தில் செய்ததுதான் செயலாளர் சுற்றிச் சுற்றிப் பார்த்த அந்தப் படம். செங்கல்லை இடித்துச் சலித்தார். உடுப்புக்குப் போடும் நீலப்பொடியைக் கரைத்தார். மஞ்சள்தூள் தங்கம் மாதிரி விலையேறி இருந்த நேரம், அம்மாவின் டப்பாவிலிருந்து கிள்ளிக் கிள்ளி எடுத்து மரப்பசையில் குழைத்தார். நடுவில் காவலுக்கு நிறுத்த ஒரு சிவப்பு வேண்டியிருந்தது. அதே மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்தார். ஆலாத்தித் தண்ணீரின் சிவப்பு வந்தது. கீழே பெரிய மஞ்சள், மேலே வலப்பக்கம் நீலம், இரண்டுக்கும் நடுவில் ஒரு கை அகலம்கூட இல்லாத அந்தச் சிவப்புக் கோடு. அதற்குச் சுண்ணாம்பு எவ்வளவு என்று பார்க்கவே பல நாள் போனது. அம்மா உள்ளே வந்து மூக்கை உறிஞ்சி, “யாருக்கு சுத்திப் போடுற?” என்று கேட்டார். பிறகு, முதல் தடவையாக, படத்தை ஏசாமல் உட்கார்ந்தார்.

“மஞ்சள்தூள் வெளிச்சம் பட்டா வெளுத்துருமேம்மா” என்று மகளிடம் சொன்னேன்.

“கொஞ்ச நாளைக்கு நின்னாப் போதும்” என்றார். தான் முடித்த ஒரே படம் அதுதான் என்றும் சொன்னார். மற்றதெல்லாம் நிறுத்தியவையாம். அது இப்போது என் கடைச் சுவரில் இருக்கிறது. விழாவுக்குப் பிறகு எடுத்துப்போக அவர் வரவே இல்லை. அம்மாவோடு ஊர் மாறிப் போய்விட்டார். மஞ்சள் வெளுத்துக்கொண்டு வருகிறது.

செய்த படங்களை நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இல்லாமல் இல்லை. ஆனால் எங்கே வைத்தாலும் ஒரே கேள்விதான். ஒருமுறை ஒரு கண்காட்சியில் பலரோடு சேர்த்து இவருடைய படத்தையும் வைத்தார்கள். மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மா வந்து மஞ்சள் கட்டத்தைக் காட்டி, “காலை வெயில்ல தேயிலை மலை, சரிதானே?” என்றார்.

“இல்லங்க.”

“ஆனா நீங்க பன்விலதானே?”

“ஆமாங்க.”

“அப்ப சரிதான்” என்று அவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். இன்னொரு இடத்தில், இவர் கேட்காமலேயே படத்துக்குக் கீழே ‘கொழுந்துக் கனவு’ என்று எழுதி ஒட்டிவிட்டார்கள். அன்றைக்கு பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் அம்பிட்டியவில் இறங்கும்போது சொன்னார்: “நான் குருடியா இருந்து கீறியிருந்தாலும் அவங்களுக்கு அதுல கொழுந்துதாண்ணே தெரிஞ்சிருக்கும்.”

அதனால் விழாக்காரர்களை வேண்டாம் என்று அனுப்பிவிடுவார் என்றுதான் நான் எண்ணினேன். ஆனால் அவர்கள் மகளிடம் வருவதற்கு முந்தியே அம்மாவிடம் போயிருந்தார்கள். ‘கொழுந்தெடுத்த தாய்க்குப் பொன்னாடை’ என்று அழைப்பிதழில் அச்சடித்துவிட்டார்கள். அம்மா அந்த அழைப்பிதழைக் கீழ்வீட்டுக்காரருக்குக் காட்டி, கோயில் ஐயருக்குக் காட்டி, சேலையை எடுத்து இஸ்திரி போட்டு, திரும்ப மடித்து, திரும்ப இஸ்திரி போட்டாராம். “இத்தன காலத்துல என்னைய பேர் சொல்லிக் கூப்புட்டது கங்காணி மட்டுந்தேன். அதுவும் ஏசறதுக்கு” என்றாராம். அதற்கு மேல் மகள் என்ன சொல்ல முடியும்? படம் கொடுக்க ஒத்துக்கொண்டார். கூடை மட்டும் போட மாட்டேன் என்று திரும்பவும் சொன்னார். செயலாளரும், “சரி பிள்ளை, உங்கட விருப்பம்” என்று விட்டுக்கொடுத்தார்.

விழா அன்று படத்தை நான்தான் த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு போய் மண்டபத்தில் மாட்டினேன். அவர் வந்து, மூலை அட்டைகளைப் பிடித்துப் பார்த்து, இடப்பக்கம் ஒரு விரல் உயர்த்தச் சொன்னார். உயர்த்தினேன். “போதும்ணே” என்றார். முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் முன்பு பார்த்ததில்லை. அம்மாவைக் கூட்டிவரப் போனார்.

அவர் போன பிறகு இரண்டு பேர் ஒரு மேசையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். படத்துக்கு நேர் கீழே வைத்தார்கள். அதன் மேல் ஒரு புதுக் கூடை, கயிறும் புதிது. கூடை நிறையப் பிளாஸ்டிக் இலை, குவித்து, வழியவிட்டு. அந்தக் குவியல் மேலே எழும்பிச் சிவப்புக் கோட்டில் பாதியை மறைத்தது. “இதை வைக்கச் சொன்னது யாரு?” என்று கேட்டேன். “செயலாளர் ஐயா” என்றார்கள்.

அம்மாவோடு திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். செயலாளர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தார்.

“எப்பிடிப் பிள்ளை? நீங்கள் சொன்ன யோசனைதான். படத்தில கை வைக்காமல் பக்கத்தில ஒரு கூடை. குழுவில எல்லாருக்கும் நல்லாப் பிடிச்சிட்டுது. நான் அண்டைக்கே சொன்னன், உங்களுக்குத்தான் எங்கை எதை வைக்கவேணும் எண்டு தெரியும்.”

அந்த மனிதரின் முகத்தில் கேலி கொஞ்சமும் இல்லை. உண்மையாகவே நன்றி சொன்னார். அதுதான் மகளை ஒன்றும் செய்ய முடியாமல் ஆக்கியது. என்னைப் பார்த்தார். நான் படத்தைப் பார்த்தேன். அதற்குள் மைக்கில் அம்மாவின் பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அம்மா மேடைக்கு ஏறினார். கைதட்டினார்கள். பொன்னாடையைப் போர்த்தியபோது முந்தானை நழுவியது. உச்சியில் தேய்ந்த அந்தப் பட்டை மண்டபத்துக்கே தெரிந்தது. அம்மா அதை மூட மறந்துவிட்டார், அவ்வளவு சந்தோசம். இறங்கி வந்தவரைப் புகைப்படம் எடுக்கிறவர் நேராகப் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

“ஆச்சி, அந்தக் கூடைய ஒருக்கா மாட்டிக்கங்க. இயல்பா இருக்கும்.”

நல்ல மனிதர் யாரோ இலை சிந்தாமல் கூடையைத் தூக்கிக்கொடுத்தார். அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் என்று கேட்டுப் பழகாத உடம்பு. பொன்னாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கயிற்றை விரித்து, தலையைக் குனிந்தார்.

வாசலிலிருந்து அவ்வளவு தூரத்தை எப்படிக் கடந்தார் என்று எனக்குத் தெரியாது. கயிறு அம்மாவின் தலையில் ஏறும் முன்னே மகள் அதைப் பிடித்துவிட்டார்.

“நீங்க ஒக்காருங்கம்மா. நான் நிக்கிறேன்.”

திரும்பி நின்று கயிற்றைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அவர் ஒருநாளும் கூடை தூக்கியவர் இல்லை. கயிறு வழுக்கி நெற்றிக்கு வந்தது. அம்மா, உட்காரப் போனவர், திரும்பி வந்து அதை இழுத்து உச்சிக்கு மேல் சரியாக வைத்துவிட்டார். “இங்கனதான் நிக்கணும்” என்றார்.

படம் முழுதாகத் தெரியும்படி அவர் ஒரு பக்கமாக ஒதுங்கித்தான் நின்றார். மஞ்சள், நீலம், நடுவில் அந்தக் கோடு, எல்லாம் தெரிந்தது.

“அக்கா, நடுவுக்கு வாங்க. பின்னுக்கு வெறும் செவுருதான் தெரியுது” என்றார் புகைப்படக்காரர்.

அவர் அம்மாவைப் பார்த்தார். முதல் வரிசையில் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, போ போ என்று கையைக் காட்டினார். அவர் நடுவுக்கு நகர்ந்தார். மஞ்சளுக்கும் நீலத்துக்கும் இடையில், சிவப்புக் கோடு இருந்த இடத்தில், தோளுக்கு மேலே அந்தப் பச்சை எழும்பி நின்றது.

“கொஞ்சம் சிரிங்க.”

சிரித்தார்.